பழைய பென்னிகளில் வகை பிரிப்பது எப்படி

1874ஆம் வருடத்துப் பிரிட்டிஷ் பென்னி ஒன்று கைக்குக் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் ஆல்பத்தில் அந்த இடத்தை நிரப்பிவிட்டு 1875-ஐத் தேடப் போய்விடுவார்கள். வகை சேர்ப்பவருக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம். வருடத்துக்குக் கீழே 'எச்' என்ற எழுத்து இருக்கிறதா? நான்கு இலக்கங்களும் நெருக்கமாக நிற்கின்றனவா, தள்ளித் தள்ளி நிற்கின்றனவா? விக்டோரியாவுக்குப் பழைய இளமை முகமா, அந்த வருடம் புதிதாக வந்த சற்றே வயதான முகமா? இவற்றைப் பார்த்துப் பிரித்தால் 1874 என்ற ஒரே வருடத்துக்குள் பல காசுகள் இருப்பது தெரியும்.

நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில் தொழில் பழகி, பிறகு பர்மிங்காம் பக்கம் ஸ்மெதிக்குக்கு வந்து, பிரஸ் டை (உலோகத்தில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சு) வேலையிலேயே இருந்தவன். அதனால் காசைக் கையில் எடுத்தால் ராணி முகத்துக்கு முன்னால் அதை அடித்த டைதான் எனக்குத் தெரியும். இந்தச் சேகரிப்பில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அரிய வகைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். சாதாரணக் காசை நன்றாகப் பழகுங்கள். நூறு சாதாரணக் காசு கண்ணுக்குப் பழகிவிட்டால், நூற்றி ஒன்றாவது வேறாக இருந்தால் அதுவே உங்களை நிறுத்தும்.

முதலில் கணக்கு. 1971 பிப்ரவரி 15-க்கு முன் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஒரு பென்னிக்கு இரண்டு அரைப் பென்னி, அல்லது நான்கு ஃபார்த்திங். 1860 வரை இவை செம்பு. பென்னி கிட்டத்தட்ட 18.8 கிராம், 34 மில்லிமீட்டர். 1860-இல் வெண்கலத்துக்கு மாறினார்கள்: செம்பு 95, வெள்ளீயம் 4, துத்தநாகம் 1 பங்கு. பென்னி 9.45 கிராமாக, பாதி எடையாகக் குறைந்தது. அகலம் 30.8 மில்லிமீட்டர். அரைப் பென்னி 5.67 கிராம், ஃபார்த்திங் 2.83 கிராம். இந்த மூன்று எடைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போலியைப் பிடிக்க உதவும்.

வகைகள் எப்படி உண்டாகின்றன?

செதுக்குபவர் உருவத்தைச் செதுக்குவார். அதிலிருந்து உருவம் மேடாக நிற்கும் மாஸ்டர் பஞ்ச் எடுப்பார்கள். அதை மிருதுவான எஃகில் அழுத்தினால் உருவம் குழிவாக விழும். அதைக் கடினப்படுத்தினால் வேலை டை தயார். காசை அடிப்பது அதுதான். ஒரு டை தேய்ந்து வெடிக்கும் வரை ஓடும், அப்புறம் அடுத்தது வரும்.

விக்டோரியா காலத்தில் வருட எண்ணை, முழுதாகவோ கடைசி இலக்கங்களை மட்டுமோ, ஒவ்வொரு டையிலும் கையால் பஞ்ச் வைத்து அடித்தார்கள். கைவேலை என்பதால் ஒரு டையில் எண் இடதுபக்கம் சாயும், இன்னொன்றில் இடைவெளி கூடும். போன வருட டை மீந்துபோனால் எஃகை வீணாக்க மனம் வராமல் பழைய இலக்கத்தின் மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். 1848-இன் 8-க்கு அடியில் 7, 1858-இன் 8-க்கு அடியில் 7, 1865-இன் 5-க்கு அடியில் 3 தெரிவது அப்படித்தான். எழுத்துப் பஞ்ச் உடைந்தால் எழுத்தும் மாறும். 1860-இல் 'ஒன்' என்ற சொல்லின் கடைசி எழுத்து 'ஈ', கீழ்க்கோடு இல்லாமல் 'எஃப்' மாதிரி விழுந்த பென்னி இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் இந்தக் கைவேலை குறைகிறது. அங்கே வகைகள் பெரும்பாலும் உருவத்தைத் திருத்தியதால் வந்தவை. ஆகவே விக்டோரியா காசில் முதலில் வருட எண்ணைப் பாருங்கள். ஜார்ஜ் காசில் முதலில் தலையையும், பின்பக்கத்தில் சூலமும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவையும் பாருங்கள். 1903-இன் 'திறந்த 3' போன்ற விதிவிலக்குகள் உண்டு. அதில் 3-இன் வாய் வழக்கத்தைவிட விரிந்திருக்கும். அரிய காசு.

இன்னொன்று: டையில் வேண்டுமென்றே செய்த மாற்றம் வேறு, டை வெடித்ததால் வந்த தடம் வேறு. 1946 பென்னியில் 'ஒன்' என்ற சொல்லுக்குப் பின்னால் சின்னப் புள்ளி ஒன்று தெரியும் காசுகள் இருக்கின்றன. அது டையில் வந்த பழுது. அதையும் சேர்க்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வெடிப்பையும் 'புது வகை' என்று சொல்லி விலை ஏற்றி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். காசு அடித்த பிறகு பட்ட கீறல், நசுங்கல் எதுவும் வகையே அல்ல. டையில் இருந்தது காசில் மேடாக வரும். பின்னால் பட்ட அடி குழியாக இருக்கும். லென்ஸில் பார்க்க முதலில் பழக வேண்டியது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

எதை வாங்குவது, எதை வைத்துப் பார்ப்பது

1860 முதல் 1894 வரையான வெண்கலப் பென்னியில் தொடங்குங்கள். விக்டோரியா கொண்டை போட்டிருப்பதால் 'பன் ஹெட்' என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். செதுக்கியவர் லெனர்ட் சார்லஸ் வயன். எண்ணிக்கை நிறைய, வகைகள் நிறைய, தேய்ந்த காசு மலிவு. இங்கிலாந்தில் பழைய பென்னிகளைக் கிலோ கணக்கில் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு நூற்றுக்குச் சற்று மேல் வரும். பெரும்பகுதி ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும்தான், நடுவில் சில விக்டோரியா. பழகுவதற்கு இதைவிட நல்ல மூட்டை இல்லை. பர்மிங்காம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நேஷனல் மோட்டார்சைக்கிள் மியூசியத்தில் நடக்கும் நாணயச் சந்தை மாதிரியான இடங்களில், மேசைக்கு அடியில் ஒரு தட்டில் பிரிக்காத காசுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தட்டுக்குத்தான் போவேன். வியாபாரியிடம் கேட்டுவிட்டு, ஓரத்தைப் பிடித்து எடுத்து, பார்த்த பிறகு இருந்த இடத்தில் வையுங்கள். அந்த மரியாதைக்கு அடுத்த முறை உங்களுக்காக எடுத்து வைப்பார்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு, வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு. வெர்னியர் அளவுகருவியை நான் கையிலிருந்து இறக்காதவன், ஆனாலும் சொல்கிறேன்: எஃகுத் தாடையைக் காசின் முகத்தில் வைக்காதீர்கள். விளிம்பு அகலம் அளப்பதோடு நிறுத்துங்கள். எழுத்துக்கும் சூலத்துக்கும் நடுவில் அளக்க வேண்டுமானால் நேர் மேலிருந்து படம் எடுத்துத் திரையில் அளந்துகொள்ளலாம். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, காசை மெதுவாகச் சுற்றுங்கள். இலக்கத்துக்கு அடியில் இருக்கும் பழைய இலக்கம் ஒரு கோணத்தில் மட்டும் நிழலாக எழும்பும், அடுத்த கணமே மறைந்துவிடும். அதைக் கண்ட கோணத்திலேயே படம் எடுத்துவிடுங்கள்.

எங்கே பார்ப்பது

1860-ஐ எடுத்தால் முதலில் விளிம்பு. உள்விளிம்பில் மணி மணியாக இருந்தால் ஆரம்பத்தில் அடித்த 'பீடட்' வகை. பல் பல்லாக இருந்தால் அதே வருடம் மாற்றிய 'டூத்ட்' வகை. ஒரு பக்கம் மணி, மறுபக்கம் பல் என்று டைகள் கலந்து அடித்த காசுகளும் உண்டு. அவை அரியவை, விலையும் அதிகம். அடுத்து ராணியின் தோள் பகுதி. வயனின் கையெழுத்து சில டைகளில் மார்பின் மேல், சிலவற்றில் அதற்குக் கீழே, சிலவற்றில் இல்லவே இல்லை. பிறகு திருப்பி, பிரிட்டானியாவின் கேடயத்துக்குக் கீழே அவருடைய மூன்று முதலெழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1860, 1861 இரண்டு வருடங்களிலும் இந்தச் சேர்க்கைகள் அவ்வளவு இருப்பதால், அவற்றை மட்டுமே பல வருடம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

1862-இல் வருட எண் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் நிதானமாகப் பாருங்கள். அரைப் பென்னிக்கு உரிய இலக்கப் பஞ்சில் அடித்த அரிய வகை அது. 1863-இல் வருடத்துக்குக் கீழே ஒரு மிகச் சின்ன டை எண் இருந்தால் அது இன்னும் அரிது. 1864-இல் 4-இன் குறுக்குக்கோட்டு நுனியைப் பாருங்கள்: வெறுமனே முடிந்தால் ஒரு வகை, நுனியில் சின்னச் செங்குத்துக் கோடு இருந்தால் இன்னொரு வகை. நல்ல நிலையில் இரண்டுமே சுலபமாகக் கிடைக்காது. 1869 எந்த வகையானாலும் குறைவு.

1874-இல் வரும் 'எச்' எங்கள் ஊர் எழுத்து. லண்டன் டவர் ஹில்லில் இருந்த ராயல் மின்ட் என்ற அரசு நாணயச்சாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோது பர்மிங்காமின் ரால்ஃப் ஹீட்டன் கம்பெனிக்கு வேலை கொடுத்தார்கள். 1874, 1875, 1876, 1881, 1882 பென்னிகளில் வருடத்துக்குக் கீழே அந்த எழுத்து வரும். 1876 முழுக்க ஹீட்டன்தான், அதனால் எச் இருப்பது சாதாரணம். 1875-இல் அது அரிது. 1882-இல் தலைகீழ்: எச் இருப்பது சாதாரணம், இல்லாதது மிக மிக அரிது. இந்த இரண்டு வருடத்திலும் ஏமாற்று வேலை உண்டு. 1875-இல் எழுத்தை ஒட்டுவார்கள், 1882-இல் சுரண்டி எடுப்பார்கள். தேய்ந்து மறைந்த எச்சை 'இல்லாத வகை' என்று நம்பி விற்பவர்களும் இருக்கிறார்கள். லென்ஸில் அந்த இடத்துத் தரை சுற்றியுள்ள தரையோடு ஒரே மட்டத்தில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்.

பிறகு 1912, 1918, 1919-இல் எச் மறுபடி வந்தது, இப்போது வருடத்துக்கு இடதுபக்கம். 1918, 1919-இல் கிங்ஸ் நார்ட்டன் என்ற இன்னொரு பர்மிங்காம் ஆலையின் 'கேஎன்' எழுத்துகளும் உண்டு. தேய்ந்த கேஎன் காசு கிலோ மூட்டையில் இன்றும் வரும். புதியவர்களுக்கு முதல் மகிழ்ச்சியைக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

1895-இல் முக்காடு போட்ட முதிய விக்டோரியா வருகிறார். அதுவரை பிரிட்டானியாவின் இரண்டு பக்கமும் இருந்த கலங்கரை விளக்கமும் கப்பலும் போய்விட்டன. தலைப் பக்கத்தில் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் 'இண்ட் இம்ப்' என்று சுருக்கமாகச் சேர்ந்தது. (ஆறாம் ஜார்ஜின் 1949 காசில் அது எடுக்கப்பட்டது. 1948, 1949 இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் குழந்தைகள்கூட ஏன் என்று கேட்கிறார்கள்.) அந்த 1895-இல் சூலத்தின் நுனிக்கும் 'பென்னி' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால் சாதாரணம்; இரண்டு மில்லிமீட்டர் என்றால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

1902-இல் கடலைப் பாருங்கள். சாதாரணக் காசில் கடல்கோடு பிரிட்டானியாவின் கால்கள் குறுக்கிடும் இடத்தில் வந்து சேரும். அதற்குக் கீழே, அங்கியின் ஓரத்தை ஒட்டி வந்தால் 'லோ டைட்', அதாவது தாழ்ந்த கடல். அரைப் பென்னியிலும் இது உண்டு. தேய்ந்த காசிலும் இந்தக் கோடு தப்பிப் பிழைத்திருக்கும் என்பதால் தொடக்கக்காரருக்கு ஏற்றது.

ஐந்தாம் ஜார்ஜ் காலம் எனக்குத் தொழில் முறையில் மிகவும் பிடித்தது. பெர்ட்ரம் மெக்கெனல் செதுக்கிய தலை ஆழமானது. அடிக்கும்போது உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடுவதால், எதிர்ப்பக்கத்தில் பிரிட்டானியாவைச் சுற்றி ராஜாவின் தலை வடிவம் மங்கலான நிழலாகத் தெரியும். 'கோஸ்டிங்' என்கிறார்கள். பிரஸ் ஓட்டிய யாருக்கும் இந்தத் தலைவலி தெரியும். அதைத் தீர்க்க மின்ட்காரர்கள் பட்ட பாடுதான் அந்தக் காலத்து வகைகள். 1915, 1916-இல் சில காசுகளில் ராஜாவின் காது உள்ளே பதிந்ததுபோல் இருக்கும். 1926-இல் திருத்திய தலை வந்தது; அந்த வருடத்தில் அது குறைவு, தேடப்படுவது. பழைய தலையில் செதுக்கியவரின் முதலெழுத்துகள் புள்ளிகளோடு இருக்கும், திருத்திய தலையில் புள்ளி இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் ஒரு வழி: 1927 பென்னி எல்லாமே திருத்திய தலைதான். மலிவான 1927 ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 1928-இல் தலையையே சிறியதாக்கிச் சிக்கலை முடித்தார்கள்.

அதற்குப் பிறகு வேகமாகப் போகலாம். 1940-இல் பிரிட்டானியாவுக்கு அடியில் கோடு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்று என்றால் குறைவு. 1957 அரைப் பென்னியில் கப்பலுக்கு அடியில் அலை அடங்கியிருந்தால் அது தனி வகை. 1950, 1951 பென்னிகள் மிகக் குறைவாக அடித்து பெர்முடாவுக்கு அனுப்பப்பட்டவை. 1933 பென்னி உங்கள் மூட்டையில் வராது. கையால் எண்ணக்கூடிய அளவே அடித்தார்கள், கட்டடங்களின் அடிக்கல்லில் வைக்கவும் சில போயின. வேறு வருடத்து எண்ணைத் திருத்தி 1933 ஆக்கிய காசுகள்தான் சந்தையில் சுற்றுகின்றன.

செம்புக் காலமும் நம் பக்கமும்

வெண்கலத்தில் கண் பழகிய பிறகு செம்புக்கு வாருங்கள். 1853 முதல் 1857 வரையான பென்னியில் பிரிட்டானியாவின் சூலம் அலங்காரமாகவோ வெறுமையாகவோ இருக்கும். சுற்றெழுத்தில் 'டெஃப்' என்பதற்குப் பின்னால் வரும் இரட்டைப்புள்ளி சில டைகளில் நெருங்கி, சிலவற்றில் தள்ளி நிற்கும். 1858-இல், செம்புக் காசின் தலையைச் செதுக்கிய வில்லியம் வயனின் முதலெழுத்துகள் கழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால் 1797. மேத்யூ போல்டன் பர்மிங்காம் சோஹோவில் நீராவி பிரஸ்ஸில் அடித்த 'கார்ட்வீல்' பென்னி சரியாக ஒரு அவுன்ஸ், அதாவது 28.3 கிராம், இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ். ராஜாவின் தலைமாலையில் இலைகள் பத்தா பதினொன்றா என்று எண்ணுவதுதான் அதில் முதல் பாடம். அதே சோஹோ ஆலையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, சென்னை மாகாணத்துக்கு 1803-இல் 20, 10, 5, 1 காசு நாணயங்கள் அடித்தார்கள். 1808 என்று போட்ட 20 காசும் 10 காசும் ஏற்றிச் சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அதிலிருந்து எடுத்த காசுகள் இன்றைக்கும் பெரிய விலை இல்லாமல் கிடைக்கின்றன.

இலங்கைக்காரர்களுக்கு அரை ஃபார்த்திங் உண்டு. 1828 முதல் இலங்கையில் புழங்குவதற்காக அடித்தது, 1842-இல் பிரிட்டனிலும் செல்லுபடியானது. 1844-இல் 'ரெஜினா' என்ற சொல்லின் 'ஈ' எழுத்து 'என்' எழுத்தின் மேல் விழுந்த வகையைத் தேடிப் பாருங்கள். 1839-இலும் 1851 முதல் 1853 வரையும் வந்த கால் ஃபார்த்திங் வெறும் 1.2 கிராம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் செம்பும் வெண்கலமும் புளி கண்டால் பளபளக்க வேண்டும் என்று பழக்கம். காசுக்கு அது சாவு. புளியோ எலுமிச்சையோ சாம்பலோ பட்ட காசின் மேல்தோல் போய்விடும், திரும்ப வராது, விலையும் போய்விடும். கறுப்பாக இருப்பது அழுக்கு என்றுகூட நினைக்க முடியாது. 1897 முதல் முதல் உலகப்போர்க் காலம் வரை ஃபார்த்திங்குகளை மின்ட்டிலேயே கறுப்பாக்கினார்கள், தங்க அரை சாவரின் என்று யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காக. 1944 முதல் 1946 வரையான பென்னிகளையும் அங்கேயே கருமையாக்கித்தான் அனுப்பினார்கள். அந்தக் கறுப்பு அசல்.

ஒட்டும் எண்ணெய்ப்பசை இருந்தால் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து, அடுப்புக்குத் தொலைவில் ஊறவைத்து அப்படியே உலரவிடுங்கள். நகப்பூச்சு அழிப்பானில் வேறு சரக்கு கலந்திருக்கும், அது வேண்டாம். கெட்டியான களிம்பு இருந்தால் ஆலிவ் எண்ணெயில் தோய்த்த மரக்குச்சியால் மெதுவாக நெம்பலாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது வெண்கல நோய். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

வாசனை அடிக்கும் பிவிசி உறைகள் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் காசின் மேல் பச்சைப் பிசின் படியும். மைலார் உறை, அமிலமில்லாத காகித உறை இரண்டும் சரி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். மரப் பெட்டி என்றால் ஓக் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பைத் தின்னும். இங்கே பழைய சேகரிப்பாளர்கள் மஹோகனி அலமாரி வைத்திருப்பது அதற்காகத்தான்.

கடைசியாகக் குறிப்பு எழுதுவது. வெண்கலக் காசு வகைகளுக்கு இங்கே ஃப்ரீமன் எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் காசுகளுக்குப் பட்டியல் நூல் எழுதிய மைக்கேல் ஃப்ரீமன், தலைப் பக்க டைகளுக்கு எண்ணும் பிரிட்டானியா பக்க டைகளுக்கு எழுத்தும் கொடுத்து அடுக்கினார். சாதாரண 1862 பென்னி '6+ஜி'. அரிதை ஆர்1 முதல் ஆர்20 வரை படி போட்டார். ஆர்20 என்றால் தெரிந்தது ஒன்றே ஒன்று. உறைக்குள் காசை வைப்பதற்கு முன்பே, வெறும் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: வருடம், ஃப்ரீமன் எண், எடை, எங்கே வாங்கியது, என்ன விலை, எதை வைத்து இந்த வகை என்று முடிவு செய்தீர்கள். அந்தக் கடைசிக் குறிப்பு இல்லாத காசை நான் வகையோடு சேர்ப்பதில்லை, சாதாரணக் காசுகளோடு போட்டுவிட்டு, இன்னொரு நாள் நல்ல வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.